எதிரெடை

பழைய டிராம் கொட்டகையின் கூரைவிட்டத்தில்
ஏழு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பேன்.
கயிற்றின் ஒரு முனை என் இடுப்பில்.
கப்பியைச் சுற்றிக் கீழே போகும் மறுமுனை
யோரின்டேயின் இடுப்பில்.
அவள் ஏற வேண்டுமானால் நான் இறங்க வேண்டும்.
கெண்ட் நகரத்தில் இதற்குச் சம்பளம் உண்டு,
சில மாதங்களில்.

கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி.
எப்படி இருக்கிறாய் என்று கேட்டால்
நன்றாக என்றுவிடுவாள்.
அந்தச் சொல்லை நம்பி
யாரையும் தூக்க முடியாது.
அதனால் "எத்தனை?" என்பேன்.
சந்தைக்காரரிடம் வாங்கிய
உருளைக்கிழங்குத் தராசில் ஏறி நின்று
முள்ளைப் பார்த்துச் சொல்வாள்.

செப்டம்பரில் ஐம்பத்து நாலு.
நான் ஐம்பத்தொன்று,
மூன்று கிலோ ஈயம் கட்டிக்கொண்டேன்.
அக்டோபர் கடைசியில் ஈயம் தேவைப்படவில்லை.
நவம்பரில் நாற்பத்தொன்பது.
கழற்ற என்னிடம் என்ன இருக்கிறது?
பூட்ஸைக் கழற்றினேன். கம்பளிச் சட்டையை.
சாவிக்கொத்தை, கைக்கடிகாரத்தை.
இரும்பு விட்டத்தில் வெறுங்காலை மடக்கி
அவளுக்குச் சமமாக நடுங்கினேன்.

மார்ச்சில் மாத்திரை மாறியது.
"ஐம்பத்தெட்டு" என்றாள், சுவரிடம்.
ஏழு கிலோ ஈயத்தோடு ஏணி ஏறினேன்.
முட்டி வலித்தது.
அதை அவளிடம் சொல்லவில்லை, இப்போதும்.

எங்கள் படைப்பில்
முதல் பதினொரு நிமிடம் அவள் எழுவதே இல்லை.
தரையில் கிடக்கிறாள்.
மேலே, இருட்டில், நான் ஒரு விரற்கடை இறங்குகிறேன்.
அவள் முதுகு தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி
மறுபடி படிகிறது.
ஏழு மீட்டர் சுலபம்.
அந்த விரற்கடைதான் தொடையைக் கிழிக்கும்.

நிதி ஆணையத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள்,
மேல்கோட்டைக் கழற்றாமல் மடக்கு நாற்காலிகளில்.
விண்ணப்பத்தில் "ஆபத்துகள்" என்ற கட்டத்தில்
உயரம், கொக்கி, உராய்வு என்று நிரப்பியிருந்தோம்.
படுக்கையிலிருந்து எழுவது என்று
யோரின்டே பென்சிலால் எழுதி
அழித்து
மறுபடி எழுதியிருந்தாள்.
"முடிவில் அந்தப் பெண் குணமாகிறாளா?"
"முடிவில் அந்தப் பெண் கீழே வருகிறாள்" என்றாள்,
யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல.
பாதித் தொகை கிடைத்தது.
நாலு விளக்குகளைத் திருப்பிக் கொடுத்தோம்.

கோர்ட்ரைக்கில் ஆட்டம் முடிந்து
கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கையில்
ஒருவர் போகாமல் நின்றார்.
பஸ் ஓட்டுநரின் சீருடை, கையில் தொப்பி.
பாராட்டுவார், அல்லது கழிவறை எங்கே என்று கேட்பார்
என்று நினைத்தோம்.
தராசைக் காட்டி,
"நான் ஒரு தடவை ஏறலாமா?" என்றார்.
ஏறினார். தகடு முனகியது.
யோரின்டே குனிந்து முள்ளைப் பார்த்தாள்.
"தொண்ணூற்று மூன்று" என்றாள் சத்தமாக.
அவர் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றார்.
பிறகு நன்றி சொல்லி,
தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.
எனக்கு ஒரு வேடிக்கையான கணக்கு ஓடியது:
நான், அவள், கூடவே எத்தனை ஈயம்?

இன்று செவ்வாய். ஒத்திகை நாள்.
ஒன்பது மணிக்கு அவள் வரவில்லை.
பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தது:
"எத்தனை என்று தெரியவில்லை."

தராசைத் துணியில் சுற்றிப்
பெட்டி சைக்கிளின் முன்பெட்டியில் வைத்தேன்.
லைய ஆற்றின் மேல் மழை
சாய்ந்து பெய்துகொண்டிருந்தது.
பாலத்தின் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன்.
தராசுக்கும் எடை உண்டு என்று
இத்தனை நாள் தோன்றியதில்லை.

அவள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
எப்போதும் அவளுக்காக இறங்கியே பழகிய கால்கள்
ஒவ்வொரு படியிலும் ஒருமுறை தயங்குகின்றன.

கதவுக்கு வெளியே தராசை இறக்கிவைத்து,
முள் பூஜ்யத்தில் நிற்கும்வரை காத்திருந்து,
மணியை அழுத்துகிறேன்.